முடிச்சு அவிழவில்லை

அந்தக் காரின் தலையில் நீளவாக்கில் இரண்டு வெள்ளிநிறக் கம்பிகள் இருந்தன. அந்தக் கம்பிகளுக்காகத்தான் காரையே வாங்கினார் என்று சொன்னால் பார்லரக்காவின் புருஷன் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், நடந்தது அதுதானே. ஷோரூமில் இதே கார், இதே நிறம், கம்பி இல்லாமலும் நின்றுகொண்டிருந்தது. மனுஷன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கம்பி இருந்தா நாளைக்கு ஒரு கட்டிலைக் கட்டலாம், ஒரு பீரோவை ஏத்தலாம், அவசரத்துக்கு உதவும்" என்றார். அந்த அவசரம் வருகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய பனியன் ஒன்றால் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டின பெண்டாட்டியின் நெற்றி வியர்வையை ஒரு நாளாவது அப்படித் துடைத்திருப்பாரா என்று கேட்டுவிடாதீர்கள். அந்த வீட்டில் அந்தப் பேச்சு ஏற்கெனவே வந்து, பெரிதாகி, அடங்கிப் போயிருக்கிறது.

அவசரம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. நாற்காலி ரூபத்தில்.

பார்லரக்கா என்றால் அந்தத் தெருவுக்கே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு முதலாளியம்மாவின் பார்லரில் முடி வெட்டிக்கொண்டிருந்தவள். இப்போது அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். முதலாளியம்மா முழங்கால் வலியோடு மகன் வீட்டுக்குப் போகிறார். போகிற அம்மா சும்மா போகவில்லை. "அந்தப் பெரிய நாற்காலி உனக்குத்தான். அதுல உக்காந்தவங்க எல்லாம் உன் கைக்குத்தானே வந்தாங்க" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தனியாகக் கடை போட இரண்டு தெரு தள்ளி ஓர் அறையை எப்போதோ பிடித்துவிட்டாள். கண்ணாடி மாட்டியாயிற்று, தண்ணீர்க் குழாய் போட்டாயிற்று. நாற்காலி ஒன்றுதான் பாக்கி.

அது சாதாரண நாற்காலி இல்லை. கீழே வட்டமாகக் கனத்த இரும்பு அடி, நடுவில் எண்ணெய் ஊற்றிய தண்டு, பக்கத்தில் ஒரு மிதி. மிதியை அழுத்த அழுத்த உட்கார்ந்திருக்கிற ஆள் புஸ் புஸ்ஸென்று உயரே போவார். புதிதாக அப்படி ஒன்று வாங்க அவளுக்கு வழியில்லை. அவளுடைய புதுக் கடைக்கு எதிரிலேயே பல் ஆஸ்பத்திரி. அங்கே இருக்கிற பல் டாக்டரம்மாவுக்கு முதுகு வளையாது. தாழ்வான நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தால் ஒரு வாரம் படுக்கை. அந்த அம்மாள் வருஷக்கணக்காக முடி வெட்டிக்கொண்டது அந்த ஒரு நாற்காலியில்தான். "நாற்காலி வந்தா இன்னைக்குச் சாயங்காலமே வரேன். வரலைன்னா தப்பா நினைக்காத, நான் வேற இடம் பாத்துக்கணும்" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா வந்தால் பின்னாலேயே நர்ஸுகள் வருவார்கள், பல்லைக் காட்ட வந்தவர்கள் வருவார்கள். வராவிட்டால் கண்ணாடி முன்னால் பார்லரக்கா மட்டும் நின்று தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் அவள் முதல் காரியமாகத் தெருமுனை வேன்காரரிடம் பேசி வைத்திருந்தாள். அது புருஷன் காதுக்குப் போனது. வந்ததே கோபம்.

"வேனா? நம்ம வண்டி தலைல கம்பி எதுக்கு இருக்கு? காக்கா உக்காரவா?"

"ஏங்க, அது இரும்புங்க. நாலு பேர் சேர்ந்தாத்தான் தூக்கவே முடியும்."

"நான் யாருன்னு நெனச்ச? ஃபாக்டரில முந்நூறு பேருக்குப் பாரம் ஏத்தறது எப்படின்னு வகுப்பு எடுக்கிறவன் நான்."

அதுவும் உண்மைதான். அவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. வீட்டில் பல்பு மாற்றக்கூட ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறுகிற ஜாதி. ஸ்டூலை அவள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்துக்கொண்டே வகுப்பையும் கேட்க வேண்டும். அவள் வேன்காரரிடம் போய், "அண்ணே, அவரு கார்லயே கொண்டுபோறாராம்" என்று சொன்னாள். வேன்காரர் காரைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், "நல்ல கம்பி" என்றார். அவருக்கும் அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அந்தக் கம்பியைப் பார்த்து மயங்காதவர் யார்.

காலையில் பார்லர் வாசலில் கார் வந்து நின்றபோது, முன் ஸீட்டிலிருந்து சகலை இறங்கினார். பார்லரக்காவுக்குத் திக்கென்றது. அவளுடைய அக்கா புருஷன். நல்ல மனுஷன்தான், ஆனால் கயிற்றைக் கண்டுவிட்டால் நிலை கொள்ளாது. ஒரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்தவர். கப்பலில் அவர் பார்த்த வேலை சமையலறையில் என்பது குடும்பத்துக்கே தெரியும். ஆனாலும் கயிறு என்று வந்துவிட்டால் சகலைதான், வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது.

"என்ன அத்தான், நீங்களும் வந்துட்டீங்க?"

"கயிறு கட்டறதுன்னா சும்மாவா? உன் வீட்டுக்காரர் கட்டினா அது பொட்டலம். நான் கட்டினாத்தான் கட்டு."

"சகலை, நீங்க முடிச்சைப் பாருங்க. திட்டம் என்னோடது" என்றார் புருஷன். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டிருந்தார். காருக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்தார். தெருவில் போனவர்கள் குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

உள்ளேயிருந்து முதலாளியம்மா குரல் கொடுத்தார். "நாற்காலியைப் படுக்க வெச்சிடாதீங்கப்பா, எண்ணெய் ஒழுகிடும். அப்புறம் அது ஏறாது. சீக்கிரம் ஆகட்டும், சாவி வாங்க ஆள் வந்து நிக்கிறான்."

படுக்க வைக்கக் கூடாது. அப்படியானால் நிற்க வைக்க வேண்டும், காரின் தலைமேல். அதைக் கேட்டு இரண்டு சகலைகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வேன்காரரைக் கூப்பிட்டிருப்பான். இவர்கள் மெத்தையைக் கூப்பிட்டார்கள். அதாவது, புருஷன் டிக்கியைத் திறந்து வீட்டு விருந்தாளி மெத்தையை வெளியே இழுத்தார்.

"இது எதுக்குங்க?"

"கீழ விரிக்க. பெயின்ட்ல கீறல் விழக் கூடாது பாரு."

"நாற்காலிக்குக் கீறல் விழாதுங்களா?"

"அது இரும்பும்மா. அதுக்கு என்ன ஆகும்?"

நாற்காலிக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்டது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. காலையிலிருந்து கார், கம்பி, கயிறு, பெயின்ட் எல்லாவற்றையும் பற்றிப் பேச்சு நடந்துவிட்டது. நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. டாக்டரம்மா சாயங்காலம் வருவார், அதுவரை வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு சகலைகளும், சாவி வாங்க வந்த ஆளும், பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து மூச்சு முட்ட நாற்காலியை மேலே ஏற்றினார்கள். மெத்தை நடுவில் அமுங்கி, நாற்காலி காரின் தலையில் ராஜா மாதிரி உட்கார்ந்தது. எதிர் மாடியிலிருந்து ஒருவர், "யாருப்பா ஊர்வலம் போறது?" என்று கேட்டார். புருஷன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஆரம்பித்தது முடிச்சு மாநாடு. சகலை ஒரு முடிச்சுப் போட்டார். புருஷன் அதன்மேல் இன்னொன்று போட்டார். "இது இழுக்க இழுக்க இறுகும்" என்றார் சகலை. "இழுக்காமலே இறுகறது என்னோடது" என்றார் புருஷன். பக்கத்துக் கடைக்காரர் தன் பங்குக்கு ஒன்று. சாவி வாங்க வந்த ஆள், அவசரமாகப் போக வேண்டியவன், அவனும் ஒன்று. மெத்தை, நாற்காலி, இடது கம்பி, வலது கம்பி எல்லாம் ஒன்றோடு ஒன்றாக இறுகி, கயிறு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கட்டினவர்களுக்கே தெரியவில்லை. அப்படி ஒரு கட்டை அந்தத் தெரு பார்த்ததில்லை, சத்தியமாக.

கட்டி முடித்ததும் ஆளாளுக்கு நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். நாற்காலி ஆடவில்லை. காரே ஆடியது.

"பாத்தியா! வண்டிதான் ஆடுது, நாற்காலி ஆடல" என்று புருஷனுக்கு வாயெல்லாம் பல்.

"இது அசைஞ்சா என் பேரை மாத்திக்கிறேன்" என்றார் சகலை.

அப்போது 'டக்' என்று எங்கோ ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். பார்லரக்காவின் காது, கத்தரி கொஞ்சம் மழுங்கினாலே கண்டுபிடித்துவிடுகிற காது.

"என்னங்க சத்தம்?"

"எது?"

"டக்குன்னுச்சே. கம்பிகிட்ட."

"அது முடிச்சு உக்காருது" என்றார் சகலை.

"இல்ல, மெத்தை உக்காருது" என்றார் புருஷன்.

எது உட்காருகிறது என்பதில் ஐந்து நிமிஷம் சண்டை. கம்பியைக் கிட்டப் போய்ப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? கம்பி என்றால் கம்பி. பளபளவென்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்த கம்பி.

கார் கிளம்பியது. நான்கு மூலையிலும் விளக்கு பளிச் பளிச்சென்று அடிக்க, நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் போனது. சகலை ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டிக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டார். புருஷன் வண்டியை நிறுத்திவிட்டார். "கை வெளிய நீட்டக் கூடாது சகலை. பாதுகாப்பு முக்கியம்." சகலை முறைத்துக்கொண்டே கையை உள்ளே இழுத்துக்கொண்டார். பார்லரக்கா பின்னாலேயே ஸ்கூட்டரில், கத்தரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தாள். ஆட்டோக்காரன் ஒருத்தன் அவளைத் தாண்டும்போது, "அக்கா, மேல உக்காந்து போயிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

முதல் தெரு போயிற்று. இரண்டாவது தெருவின் முடிவில் பெரிய சாலைக்கு ஏறுகிற மேடு. செங்குத்து ஒன்றும் இல்லை, தள்ளுவண்டிகள் தினமும் ஏறுகிற மேடுதான். கார் அடியில் நின்று, உறுமி, ஒரு வெட்டு வெட்டி மேலே ஏறியது.

நாற்காலி ஏறவில்லை.

முதலில் பட்டாசு வெடிக்கிற மாதிரி வரிசையாகச் சத்தம். டக், டக், டக், டக். இரண்டு கம்பிகளும் காரின் தலையிலிருந்து எழுந்தன, கல்லோடு ஒட்டியிருந்த தோசையைக் கிளப்புகிற மாதிரி. நாற்காலியும் மெத்தையும் கம்பிகளும் ஒரே குடும்பமாகப் பின்கண்ணாடிமேல் வழுக்கி, மெத்தை முதலில், நாற்காலி அதன்மேல் என்று தொப்பென்று சாலையில் வந்து விழுந்தன. கார் மேட்டில் ஏறி, திரும்பி, விளக்கைப் பளிச் பளிச்சென்று அடித்துக்கொண்டு மெதுவாகப் போயேவிட்டது.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு சகலைதான் சொன்னார். அதுவரை மெத்தை தொங்கிக்கொண்டு பின்கண்ணாடியை மறைத்திருந்ததாம். திடீரென்று வெளிச்சம் வந்ததும் புருஷன் கண்ணாடியைப் பார்த்து, "அப்பாடா, இப்பத்தான் பின்னாடி நல்லாத் தெரியுது" என்றாராம்.

பார்லரக்கா ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினாள். நாற்காலி மெத்தையின்மேல் மல்லாந்து கிடந்தது. படுக்க வைக்கக் கூடாத நாற்காலி. "ஐயோ, ஐயோ" என்று வாய்விட்டே அழுதாள், அவளுக்கு யாரைப் பற்றியும் கவலையில்லை. பஸ் நின்றது, பின்னால் லாரி நின்றது. லாரிக்குப் பின்னால் நின்றது நம் வேன்காரர். இன்னொருத்தர் சாமானை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வந்துகொண்டிருந்தவர். அவரும் பஸ்ஸிலிருந்து இறங்கினவர்களும் கைகொடுத்து நாற்காலியை நிமிர்த்தினார்கள்.

நிமிர்ந்ததும் அவள் மிதியின்மேல் காலை வைத்தாள். அழுத்த மனசு வரவில்லை. அழுத்தி ஏறாவிட்டால் எல்லாம் முடிந்தது, அழுத்தாத வரைக்கும் ஒரு நம்பிக்கையாவது மிச்சம் இருக்கிறது. அதற்குள் வேன்காரர் குனிந்து கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! யாரு கட்டினது? ஒரு முடிச்சுகூட அவிழலையே!"

"ஆமாங்க, அங்குலம் அசையல" என்றார் பஸ் கண்டக்டர். லாரிக்காரர் கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நாற்காலி, மெத்தை, கம்பி மூன்றும் சேர்ந்தே அசைந்தன. "கட்டுன்னா இது கட்டு" என்று அவரும் சான்றிதழ் கொடுத்தார். கம்பியின் அடியில், வரிசையாக, அரைவிரல் அகலத்துக்குக் கறுப்புப் பசை ஒட்டிக்கொண்டிருந்தது. பசை! புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி ஒட்டியிருந்த கம்பி. அழகுக்கு ஒட்டினது.

மேட்டின் மேலேயிருந்து இரண்டு சகலைகளும் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். ஆரஞ்சு மேல்சட்டை முன்னால் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனையே பார்த்தாள். இந்த மனுஷன் முதலில் எதைக் கேட்கிறார் பார்ப்போம் என்று பார்த்தாள்.

புருஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நாற்காலியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சகலை! முடிச்சு அவிழல பாத்தீங்களா!"

"நான் சொன்னேன்ல!" என்றார் சகலை. இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒத்துப்போனார்கள்.

"அத்தான்" என்றாள் பார்லரக்கா. குரல் மிகவும் சாந்தமாக இருந்தது. "பேரை மாத்திக்கிறேன்னீங்களே. என்ன பேர் வெக்கலாம்?"

"ஏம்மா, அசைஞ்சது கம்பிதானே. முடிச்சு அசையலையே."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "என் பொழப்பு நடுரோட்ல கிடக்குது. காலைலேர்ந்து கார் எப்படி, கம்பி எப்படி, கயிறு எப்படின்னு பேசினீங்க. இது வேலை செய்யுதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாங்க? இப்பவாவது கேட்டீங்களா?"

முந்நூறு பேருக்கு வகுப்பெடுக்கிற மனுஷன் மெல்லத் தரையில் மண்டியிட்டார். பேன்ட் பையிலிருந்து அந்தப் பழைய பனியனை எடுத்தார். நாற்காலியின் இரும்பு அடியில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்தார், தண்டைத் துடைத்தார், மிதியைத் துடைத்தார். துடைத்துவிட்டுப் பனியனைத் திருப்பி உற்றுப் பார்த்தார்.

"எண்ணெய் இல்லம்மா" என்றார். "ஒழுகல. மிதிச்சுப் பாரு."

அவள் மிதித்தாள். புஸ் என்றது. இன்னொரு மிதி. புஸ். நாற்காலி மெத்தையையும் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு, நடுரோட்டில், பஸ்ஸுக்கும் லாரிக்கும் முன்னால், கம்பீரமாக உயர்ந்தது. பஸ்ஸிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். பெயின்ட்டைக் காப்பாற்ற விரித்த மெத்தை பெயின்ட்டைக் காப்பாற்றவில்லை. காரின் தலையில் கோடு கோடாகக் கீறல். மெத்தை காப்பாற்றியது நாற்காலியைத்தான்.

இனி வேன்தான் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முடிச்சை அவிழ்க்க வேண்டுமே. சகலை நகத்தால் நோண்டினார், புருஷன் பல்லால் கடித்தார். கண்டக்டர் சாவியை விட்டு நெம்பிப் பார்த்தார். ஹும். புருஷனின் கண் அவள் தோளிலிருந்த பைக்குப் போனது.

"அந்தக் கத்தரியைக் கொஞ்சம்..."

"தொட்டீங்க!" என்றாள். முடியைத் தவிர ஒரு நூலைக்கூட வெட்டாத கத்தரி அது.

எனவே வேனில் நாற்காலி ஏறியபோது மெத்தையும் ஏறியது, கம்பிகளும் ஏறின. கடைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு, ஆஸ்பத்திரிக் காவலாளி கொண்டுவந்த கத்தியால் மெத்தையை மட்டும் அறுத்து எடுக்க முடிந்தது. மற்ற முடிச்சுகளிடம் கத்தியும் தோற்றது. கம்பிகள் இரண்டும் நாற்காலியின் இரண்டு கைகளுக்கு அடியில், அதற்காகவே செய்த மாதிரி, பளபளவென்று நின்றுவிட்டன.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். வாசலில் புருஷன் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், மேல்சட்டையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். டாக்டரம்மா முதுகை வளைக்காமல் நாற்காலியில் அமர்ந்தார். அக்கா மிதித்தாள். புஸ் புஸ் என்று நாற்காலி ஏறி, சரியான உயரத்தில் நின்றது, இறங்கவில்லை.

"அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டார் டாக்டரம்மா. பிறகு கை தடவியதில் கம்பி தட்டுப்பட்டது. "இது என்ன, புதுசா ஏதோ கம்பி வெச்சிருக்க? பையை இதுல மாட்டலாமா? தாங்குமா?"

பார்லரக்கா கண்ணாடி வழியே வாசலைப் பார்த்தாள். புருஷன் வாயைத் திறக்கப் போனார், அவள் பார்ப்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"தாராளமா மாட்டுங்க டாக்டர்" என்றாள். "முடிச்சு நல்லாப் போட்டிருக்கு."